சில்வண்டின் காலை ஊசி

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் விழுந்தேன். பட்டறையில் வெல்டிங் பொறி கையில் தெறித்தால் ஊதிவிட்டு வேலையைப் பார்க்கிற ஆள் நான். இன்று குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. மகளின் தொடையில் இன்சுலின் ஊசி இறங்குவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கண் விழித்தால் மனைவி என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். மகள் என் உள்ளங்காலைத் தேய்த்தபடி, "அப்பா விழுந்தா வீடே ஆடுதும்மா" என்கிறாள். எட்டு வயது. வாயைப் பாரு. சும்மாவா சில்வண்டு என்று கூப்பிடுகிறோம்!

அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து இப்படித்தான். அவர்கள் இருவரும் உள்ளே கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் கூடத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

மார்ச் 5, புதன்

மனைவி வேலை பார்க்கும் ஹோட்டலில் அவளைச் சூப்பர்வைசர் ஆக்குகிறார்களாம். வெளியூரில் ஒரு மாதம் பயிற்சி. "வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள்.

"ஏன்?"

"காலையில பிள்ளைக்கு யாரு ஊசி போடுவா?"

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. எவ்வளவு நாளாகக் காத்திருந்த பதவி! இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். வீம்புக்குச் சொல்லிவிட்டேன். என்ன செய்யப் போகிறேன்?

மார்ச் 8, சனி

மனநல ஆலோசகரைப் பார்த்தோம். என்னைவிடச் சின்னப் பெண். "தலை சுத்தும்போது என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல சொல்ற மாதிரி உடம்பைத் தளர விட்டு, மெதுவா மூச்சு விடுவேன்."

சிரித்துவிட்டார். "அதனாலதான் சார் இன்னும் சீக்கிரம் விழறீங்க."

மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறுமாம். ஊசி, ரத்தம் என்றால் ஏறிய வேகத்தில் சட்டென்று இறங்கிவிடுமாம். அதனால் தளர்த்தக் கூடாது, தசைகளை இறுக்கி முறுக்க வேண்டும். கை, தொடை, வயிறு எல்லாம், முகம் சூடாகும்வரை. பிறகு கொஞ்சம் விட்டு, மறுபடியும். கதவைச் சாத்துவது அன்புதான், ஆனால் அது பயத்துக்குத் தீனி போடுகிறது என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி முகம் வாடிவிட்டது. "இத்தனை நாளும் நான்தான் உங்களை விழ வச்சேனா?"

"உன்கிட்ட நான் எப்பவோ விழுந்தாச்சே" என்றேன். நடுத்தெருவில் ஒரு கிள்ளு கிடைத்தது.

மார்ச் 11, செவ்வாய்

மூடி போட்ட ஊசியைக் கையில் வைத்திருந்தேன். வியர்த்தது. விழவில்லை.

மார்ச் 15, சனி

ரேடியோ இல்லை. கதவும் திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கினேன். சில்வண்டு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, கக்கூஸ் வருதா?" என்றாள். ஊசியை ஓரமாக வைத்துவிட்டு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல குடும்பம்டா சாமி.

மார்ச் 19, புதன்

ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டேன். வெறும் தண்ணீர்தான். ஆனாலும் கண் இருட்டியது. ஏன்டா உனக்கு மட்டும் இப்படி? பழத்தைப் பார்த்து மயங்குறவன் உலகத்துல உண்டா? — உட்கார்ந்து முறுக்கி, மறுபடி குத்தினேன். மனைவி ஓடி வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் கஷ்டம் என்று தோன்றியது.

மார்ச் 30, ஞாயிறு

போட்டேன். என் பிள்ளைக்கு நானே போட்டுட்டேன்! மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், தொடவில்லை. மாலையில் ஹோட்டலுக்குப் போன் செய்து, பயிற்சிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

மனைவி திங்கட்கிழமை கிளம்பிவிட்டாள். நேற்றுக் காலை ஒரு குறையும் இல்லை. இன்று ஊசியைப் போட்டு எடுத்ததும் சில்வண்டு ஓவென்று அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தப்பா போட்டுட்டேனாடா? அம்மா போட்டா அழமாட்டியே!"

"அம்மா போட்டாலும் வலிக்கும்."

"அப்புறம் ஏன்டா அழல?"

"சத்தம் கேட்டா நீ வெளியில விழுந்துடுவல்ல."

யாரும் சொல்லித் தரவில்லையாம். அவளாகவேதான். மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இப்ப அழுதா பரவாயில்லல்ல?" என்று கேட்டாள்.

தரையில் உட்கார்ந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். "அழுடா தங்கம், நல்லா அழு" என்றேன். அழுது முடித்து, சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனாள்.