ஐந்தாவது சீட்டை நாளைக்கு எடுக்க வருகிறார்கள்

என் செல்ல நைனாவுக்கு,

நாளைக்குக் காலையில் சித்தப்பா டெம்போவோடு வருகிறார். நம்ம கேம் கடையின் ஐந்தாவது சீட்டைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஸ்டியரிங் வைத்த கார் ரேஸ் சீட் போடப் போகிறார். ஆவடியில் மூடிய ஏதோ ஒரு கடையிலிருந்து பாதி விலைக்குக் கிடைத்ததாம். கல்லாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ கண்ணை மூடிய பிறகு ஆடியும் வந்துவிட்டது. கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் நம்ம கேம் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஷட்டரை நான்தான் தூக்குகிறேன். நாலு டிவியிலும் பையன்கள் பந்து உதைக்கிறார்கள், சுடுகிறார்கள், கத்துகிறார்கள். மணிக்கு அறுபது ரூபாய், அரை மணிக்கு முப்பத்தைந்து. நேரம் முடிந்தால் திரை தானாக அணைகிறது. நீ பழசாக வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் இருக்கிற ஐந்தாவது சீட் மட்டும் பாதி நாள் காலியாகக் கிடக்கிறது.

நீ இருந்தபோதும் அதில் கூட்டம் கிடையாதுதான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நீ முதலில் வாங்கிய அந்தப் படகு கேமைத்தான் இப்போதும் யாராவது வந்தால் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு படகு, ஒரு ஏரி, எதிர்க்கரையில் ஒரு வெளிச்சம். துடுப்புப் போட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். சுடுவதற்கு ஒன்றும் இல்லை, தோற்கவும் முடியாது. நடுவில் துடுப்பை நிறுத்தினால்தான் தண்ணீருக்கு அடியில் ஒரு தெரு தெரியும். கதவு திறந்து கிடக்கிற வீடுகள், கொடியில் காய்கிற துணி, வாசலில் ஒரு சைக்கிள். நிறுத்தாமல் போனால் வெறும் தண்ணீர். விடாமல் வலித்தால் அரை மணி நேரம், மெதுவாகப் போனால் ஒரு மணி நேரம். பிறகு கரை வந்துவிடும், கேமும் முடிந்துவிடும்.

நீ அதை வாங்கிய அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை நினைவிருக்கிறதா?

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சு போறதுக்கு நானூறு ரூபாயா? அந்தத் துட்டுக்குக் கறி எடுத்திருந்தா ரெண்டு நாளைக்கு வந்திருக்கும்யா" என்றாள் அம்மா.

"கறி துன்னா மட்டும், அது வயித்துலயே கீதா?" என்று கேட்டாய் நீ.

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது எனக்குத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்களும் உன்னை விட்டு வைத்தார்களா? "இன்னா அண்ணாத்தே, ஒருத்தனக்கூடப் போட முடியல, இதுக்கு அம்பது ரூபாயா?" என்று ஒருவன் கேட்டதற்கு, "டீ அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடுது. ஏன்யா சீக்கிரம் முடிஞ்சுதுன்னு டீக்கடையில போய் சண்ட போடுவியா?" என்றாய். "டீ பன்னெண்டு ரூபா அண்ணாத்தே!" என்றான் அவன். கடையே சிரித்தது. நீயும்தான் சிரித்தாய். "போ, போய் பந்து ஒத" என்று அவனை அனுப்பிவிட்டாய். அதற்கு மேல் நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு உதவியிருக்குமே.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் உன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்ட பிறகு கிடைத்த பணத்தில்தான் இந்தக் கடை. பாதி அது, பாதி சித்தப்பா போட்டது. பந்து ஆட்டத்தில் பையன்கள் உன்னைத் தோற்கடித்துத் தோற்கடித்து விளையாடுவார்கள். படகுக்கு ஒரு கட்டைவிரல் போதும். உனக்கு அந்த விரல்கள் இருந்திருந்தால் அந்தப் படகு பிடித்திருக்குமா, நைனா? நான் இதை உன்னிடம் கேட்டதே இல்லை. சித்தப்பா இப்போது அதைத்தான் சொல்கிறார்: "அவனுக்குக் கை சரியில்ல, அத ஆடுனான். கை நல்லா கீறவன் ஏன் ஆடணும்?"

எனக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது.

நான் பத்தாவது முடித்த கையோடு உனக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள வந்த நான் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லோரும் பாவம் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி, வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாமே என்று. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நீ என்னை அந்த சீட்டில் உட்கார வைத்தாய். நான் நிறுத்தாமல் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய்விட்டேன். "இன்னொரு வாட்டி போறியா?" என்று மட்டும் கேட்டாய். இரண்டாவது தடவை கை வலித்து நடுவில் நிறுத்தினேன். தண்ணீருக்குள் ஒரு வீடு தெரிந்தது. "உள்ள ஊடு கீது நைனா" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய். நீ எப்போதிருந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

சித்தப்பாவைப் பற்றித் தப்பாக எழுதக் கூடாது. உன் காரியச் செலவு முழுவதும் அவர்தான் பார்த்தார். கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து, எண்ணெய் வாசனையோடு நேராகக் கடைக்கு வந்து கணக்குப் பார்க்கிறார். கரண்ட் பில் ஏறிவிட்டது. எல்லோரிடமும் போனிலேயே கேம் இருக்கிறது, கூட்டம் முன்போல் இல்லை. போன மாதக் கடைசியில் சொன்னார்: "ஒரு மாசம் தரேன் யமுனா. இந்த சீட்டு மத்த சீட்டு மாதிரி சம்பாதிச்சா வுட்டுடறேன். இல்லன்னா தூக்கிடுவேன். சரியா?" நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மற்ற சீட்டைப் போலச் சம்பாதிக்க வேண்டுமானால், மற்ற சீட்டைப் போலவே நடத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஆட்டத்துக்கு ஐம்பது என்று நீ வைத்திருந்ததை எடுத்துவிட்டு, அதற்கும் கடிகாரம் போட்டேன். அரை மணிக்கு முப்பத்தைந்து என்றதும் ஆட்கள் உட்கார்ந்தார்கள், நைனா. நிஜமாகவே உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு தண்ணி வேண்டாத சந்தோஷம்.

பிறகுதான் பார்த்தேன். காலேஜ் போகிற இரண்டு பேர். ஒருவன் ஆடுகிறான், ஒருவன் பின்னால் நின்று விரட்டுகிறான்.

"நிக்காத மச்சான், பத்து நிமிஷம்தான் கீது, துடுப்ப வலி, வலி!"

"வலிச்சிகினுதான்டா கீறேன்!"

"முடிஞ்சிருச்சா? இவ்ளோதானா? தண்ணி, தண்ணி, தண்ணி. இதுக்கு நம்ம ஏரிக்கே போயிருக்கலாம். ஃப்ரீ."

ஒரு தடவை நிறுத்துங்கள், கீழே பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரை மூலையில் நிமிடம் குறைந்துகொண்டே வந்தால் யார்தான் நிறுத்துவார்கள்? வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வலித்தார்கள். ஒருவருக்கும் தெரு தெரியவில்லை. அதில் ஒன்றுமே இல்லை என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

சுகன்யா அக்காவை உனக்குத் தெரியும். ஏரிப் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிற திருநெல்வேலிக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை, சனிக்கிழமைகளில் வருவார். "படம் பார்த்தா நடுவுல பத்து தடவை போனை எடுத்துடுறேன். இதுல எடுக்கத் தோணலை" என்று உன்னிடம் ஒரு நாள் சொன்னாரே, அவரேதான். அவரும் வந்தார். ஏரி நடுவில் நிறுத்தினார், மூலையைப் பார்த்தார், உடனே துடுப்பைப் போட்டார். கரை வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். "அது ஓடிக்கிட்டே இருக்கேம்மா. ஆபீஸ்லயும் அதானே ஓடுது" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நீ தாராள மனசுக்காரன், அதனால்தான் அந்த சீட்டுக்குக் கடிகாரம் வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அது இல்லை என்று புரிந்து, அன்றைக்கே கடிகாரத்தை எடுத்துவிட்டேன். ஆனால் எடுத்ததை யாரிடமும் போய்ச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரும் வரவும் இல்லை.

ஒரு சாயங்காலம் சித்தப்பாவே உட்கார்ந்தார். "அண்ணன் அப்படி இன்னாத்தக் கண்டான், பாப்போம்" என்றார். நான் பின்னால் நின்றேன். பாதி ஏரியில் முகத்தைத் துடைத்துக்கொள்ள நிறுத்தினார். தெரு மெதுவாக அடியில் தெரிந்தது. வீடுகள், துணி, சைக்கிள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா இது, தண்ணி பூந்த ஊடா?" என்றார். "நம்மூட்ல வெள்ளம் வந்தப்ப கட்டில் மேல ஏறி நின்னமே. அத துட்டு குடுத்து வேற பாக்கணுமா?"

எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வெள்ளத்தில் நீயும்தானே நின்றாய். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றதாக அம்மா சொல்வாள். உனக்கு அந்தத் தெரு எப்படித் தெரிந்தது? அவருக்குப் பயமாகத் தெரிந்தது உனக்கு ஏன் ஆறுதலாகத் தெரிந்தது? இல்லை, உனக்கும் பயமாகத்தான் இருந்ததா? பயத்தோடுதான் திரும்பத் திரும்பப் போனாயா?

இன்றைக்குக் காலையில் அவர் அளவு டேப்போடு வந்தார். குனிந்து தரையை அளக்கும்போது சொன்னேன்.

"சித்தப்பா, இத எடுக்க வேணாம்."

"இன்னா? சத்தமா சொல்லு."

"இத எடுத்தா நான் கடைக்கு வரமாட்டேன்."

நாலு சீட்டும் திரும்பிப் பார்த்தது. "டேய், யமுனாக்கா பேசுதுடா" என்றான் ஒருவன்.

சித்தப்பா நிமிர்ந்தார். "யார் சொல்லிக் குடுத்தது, உங்கம்மாவா?"

"யாரும் இல்ல."

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சு போற கேமுக்கா இவ்ளோ பேசுற? அதுல இன்னா கீது? ஒண்ணே ஒண்ணு சொல்லு, வுட்டுடறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நைனா. டேப்பைப் பிடித்தபடி நிஜமாகவே காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அந்தத் தெரு, உன் கட்டைவிரல், சுகன்யா அக்கா, எல்லாம் உள்ளே இருந்தது, ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

"சொல்லத் தெரியல பாரு" என்று டேப்பைச் சுருட்டினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு டெம்போ வரும். வர இஷ்டமில்லன்னா சாவிய ஊட்ல குடுத்துடு. ஆள் கெடைக்கலன்னா கடைய மூடிடறேன்."

மத்தியானம் சோறு கொண்டுவந்த அம்மாவுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. "கால்ல வுழுந்தாவது மன்னிப்பு கேளுடி. கடை போச்சுன்னா இன்னாத்தத் துன்றது? எஸ்டேட்டுக்குப் பேக்கிங் வேலைக்குப் போவியா நீ? அங்க நாலு பேர்கூடப் பேசணும், தெரியுமா?" என்றாள். அழுதுகொண்டே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு முட்டி வலி. படி ஏறி ஃபிளாட் கூட்டுகிற வேலை இன்னும் எத்தனை நாளைக்கு? பேக்கிங் லைனில் நின்று நான் யாரிடம் என்ன பேசுவேன்? ஒரு மணி நேரத்துக்கு நானூறு ரூபாயா என்று அன்றைக்குக் கேட்டாள். இன்றைக்கு விலை கடையளவு ஏறிவிட்டது. நான் பைத்தியமா, நைனா?

இதை எழுதும்போதே மூன்றாவது சீட்டிலிருந்து ஒருவன் கத்துகிறான். "யமுனாக்கா, அஞ்சே அஞ்சு நிமிஷம்க்கா, மேட்ச் முடியல!" போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நாள் முழுக்க இதே கெஞ்சல்தான், நாலு சீட்டிலும். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம். திரை அணைந்தால் என்னைத் திட்டிக்கொண்டு போவார்கள்.

நீ இருந்தவரை ஐந்தாவது சீட்டிலிருந்து ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. இப்போதுதான் உறைக்கிறது. கரை வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு தாங்களாக எழுந்து போவார்கள். போதும் என்று எழுந்து போகிற இடம் இந்தக் கடையில் அது ஒன்றுதான்.

சித்தப்பா கேட்ட அந்த ஒன்று இதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கு இது பதிலாகுமா, தெரியவில்லை. அஞ்சு நிமிஷம் கேட்கிறவர்கள்தானே நமக்குச் சோறு போடுகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நீ போதும் என்று எழுந்து போனாயா? எனக்குப் போதவில்லை, நைனா. ஆஸ்பத்திரியில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னபோது நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

நாளைக்கு அப்படி வர மாட்டேன். டெம்போ வருவதற்கு முன்பே ஷட்டரைத் தூக்கி வைத்திருப்பேன். சித்தப்பாவிடம் இதை என் வாயால் சொல்வேன், பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தாலும் முழுசாகச் சொல்லி முடிப்பேன். கேட்டும் அவர் அதைத் தூக்கினால் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை எஸ்டேட் கேட்டில் போய் நின்று வேலை கேட்பேன். அங்கேயும் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் ஒரே பொண்ணு,
யமுனா