போணிக்கு ஒரு ரவிக்கைத் துணி

அக்கா,

என் கையெழுத்தில் இருந்த அந்தக் கடிதத்தைப் பற்றி நீங்கள் ஏன் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை? இனி அதற்குப் பதில் கிடைக்கப்போவதில்லை.

முந்தாநாள் உங்கள் உடல்மேல் போர்த்தக் கோடிச் சேலை எடுக்க உங்கள் தம்பி என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் மடிப்பைப் பிரித்ததும் கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அரியலூர் ஜவுளிக்கடையில் நீங்கள் சேலைப் பிரிவு, நான் பில் எழுதுகிறவள். பி.ஏ. முடித்து, வேறு வேலை கிடைக்காமல் அங்கே வந்திருந்தேன். உங்கள் கணவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கால் நசுங்கி வீட்டோடு இருந்தார். "இந்த வேல போனா எங்க வூட்டுல அடுப்பு எரியாதும்மா" என்பீர்கள், மதியச் சாப்பாட்டில் ஊறுகாயை என் பக்கம் தள்ளியபடி.

கடையில் ஒரு கட்டளை உண்டு. காலையின் முதல் வியாபாரம், அந்தப் போணி, சாவுத் துணியாக இருக்கக் கூடாது. கோடி கேட்டு வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அன்று கடை திறந்ததும் ஒரு பெரியவர் வந்தார். மகள் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள்.

"கோடி ஒண்ணு குடும்மா. செந்துறைக்கு வண்டி நிக்குது. ரெண்டு கடையில இல்லன்னுட்டாங்க."

நீங்கள் சட்டென்று ஒரு ரவிக்கைத் துணியைக் கிழித்து என்னிடம் நீட்டினீர்கள். "இத என் பேருக்கு மொதல்ல போடு. போணி நம்மளது. அப்புறம் அவருக்குப் போடு." முதலாளிக்கும் சாமிக்கும் சேர்த்து வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் உங்கள் முகத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பில்லும் போட்டேன்.

மாலையில் மேனேஜர் பில் புக்கைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார். "கடையில வேல பாக்குறவ வாங்குனா அது போணியா? சாமியவே ஏமாத்துறியா நீ?" உங்களைத் திட்டித் தீர்த்த பிறகு என்னிடம் தணிந்த குரலில் பேசினார். "நீ படிச்ச பொண்ணு. அவ பேர்ல ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடு. தெரிஞ்சே செஞ்சேன்னு இருக்கட்டும், அப்பத்தான் மொதலாளி மனசு எறங்கும். அவ வேலைக்கு நான் பொறுப்பு."

போணி, சகுனம், ராகு காலம் எதையும் நம்பாதவள் நான். அவர் சொன்னதை நம்பினேன். அது போதாதென்று "கடைக்குத் துரோகம் செய்துவிட்டேன்" என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். உருக்கமாக இருக்கட்டும் என்று. பிறகு உங்களுக்குப் படித்துக் காட்டினேன்.

"துரோகம்னா எழுதியிருக்க?"

"அப்படி எழுதுனாத்தான் மன்னிப்பாங்கக்கா."

"சரி, ஒனக்குத் தெரியாததா." எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டீர்கள்.

பிறகு யார் யாருக்கோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "ஒனக்குத் தெரியாததா" என்ற குரல் கேட்காமல் ஒன்றைக்கூட முடித்ததில்லை. பல வருடம் கழித்து ஏலாக்குறிச்சியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்களைப் பார்த்தேன். பாதியாக மெலிந்திருந்தீர்கள். "நல்லாருக்கியாம்மா?" என்றீர்கள். திட்டியிருக்கலாம் அக்கா. அதற்காகவே நான் அங்கே இரண்டு பஸ்ஸை விட்டேன்.

கடிதம் எழுதிய மறுநாள் நடந்ததை எழுதிவிடுகிறேன். வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்தீர்கள். மேனேஜர் உங்களை வாசலிலேயே நிறுத்தி, முதலாளி முன்னால் கடிதத்தை உரக்கப் படித்தார். "துரோகம்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. நாங்க என்ன செய்ய?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பில் புக்கில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் படியிறங்கிப் போன பிறகு மேனேஜர், "சேலப் பக்கம் ஆளில்ல, நீ போயி நில்லும்மா" என்றார்.

போய் நின்றேன்.