கவர் போட்டு மூடிய கார்

காப்பெல், டெக்ஸாஸ்
11.3.2025

அன்புள்ள சாந்திக்கு,

பசுபதி எழுதுகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் எழிலரசி காய் நறுக்குவதை நிறுத்திவிடுகிறாள். போலீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஏட்டாக ரிட்டையர் ஆனவனுக்குக் கத்திச் சத்தம் நின்றால் தெரியாதா? மருமகளைக் குறை சொல்வதாக நினைக்காதே. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். ஆனால் என்னைப் பார்த்தபடியே போடுகிறாள்.

பேத்தி வெண்பா சௌக்கியம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. அப்பா ஏன் ஆபீஸ் போகவில்லை என்று மட்டும் அவள் யாரிடமும் கேட்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளை அதைக் கேட்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் பையன் நவநீத் உன்னிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறான் என்று தெரியாது. முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சைக்கிளில் போன ஒருவரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் பெயர் டேனியல். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவராம். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏதோ ஒரு வீட்டுக் கேமராவில் சாம்பல் நிறக் கார் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது, நம்பர் தெரியவில்லை.

அன்று மத்தியானம் நம் வீட்டுக் கராஜில் காருக்குக் கவர் போட்டிருந்தது. வெயில் படக்கூடாது என்றான் நவநீத். கராஜுக்குள் ஏது வெயில்? கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னான். எழிலரசியைத் தனியாகக் கேட்டேன், மான் குறுக்கே வந்துவிட்டது மாமா என்றாள். ஒரே வீட்டில் இரண்டு கதை வந்தால் இரண்டும் பொய் என்பது நான் வேலையில் படித்த முதல் பாடம்.

அந்த வாரமே புதன்கிழமை ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். சின்ன வயசு. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அந்தப் பக்கம் சாம்பல் நிறக் கார் வைத்திருப்பவர்களையெல்லாம் விசாரிக்கிறேன் என்றார். யூனிஃபார்மைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நானும் போலீஸ்தான், வாங்க, காப்பி சாப்பிட்டுப் போங்க என்றேன். ஆனால் பூட்ஸோடு உள்ளே விட முடியுமா? செருப்பு ஸ்டாண்டு கராஜில் இருக்கிறது. அந்த வழியாக வாருங்கள் என்று பட்டனை அழுத்திக் கராஜைத் திறந்துவிட்டேன்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல்தான் கேஸே இருக்கிறது. காரின் கவரைத் தூக்கியது யார்?

வீட்டுக்காரர் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் அதிகாரி தூக்கியிருந்தால், அவர் எடுத்த போட்டோ, அதற்குப் பிறகு காரில் கண்டுபிடித்தது எதுவுமே கோர்ட்டில் செல்லாதாம். அது போனால் கேஸும் போச்சு என்கிறார் நவநீத்துக்காக வாதாடும் வக்கீலம்மா. வீட்டு ஆளே தூக்கியிருந்தால் எல்லாம் செல்லும், நவநீத் ஜெயிலுக்குப் போவான், விசாவும் போகும். அதிகாரியின் சட்டையில் கேமரா இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். படத்தில் தரையும் வெண்பாவின் செருப்பும்தான் தெரிகின்றன.

பெரியவர்தான் தூக்கினார் என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார். பச்சைப் பொய், எங்கப்பா ஏன் அதைச் செய்யப்போகிறார் என்று நவநீத் வக்கீலம்மாவிடம் கத்தினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே நம்பிவிட்டான்.

சாந்தி, நான்தான் தூக்கினேன்.

கை தானாகப் போனது என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். கை தானாகப் போகாது. மூன்று நாளாகப் பார்க்க நினைத்தேன், தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றதும் தைரியம் வந்துவிட்டது. உடைந்த லைட்டுக்குக் கீழே சிவப்புப் பெயிண்ட் தீற்றியிருந்தது. மானுக்கு ஏது சிவப்புப் பெயிண்ட்? அதிகாரி நிமிர்ந்து பார்த்தபோது கவர் என் கையில் இருந்தது.

வக்கீலம்மா என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள், அதில் தவறே இல்லை என்றார். சொல்லிவிட்டு, அதையே நிதானமாக இன்னொரு முறை சொன்னார். நீயும் போன வாரம், மறந்துபோச்சுன்னு சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிரும் என்று கேட்டாய். உனக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது, இல்லையா?

பெருந்துறை ஸ்டேஷனில் இருந்தபோது எத்தனை வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு போய்ப் பானை சட்டியை உருட்டியிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்தை வெறுந்தாளில் வாங்கி வைத்துக்கொள்வோம். பொருள் கிடைத்ததா என்றுதான் கோர்ட்டில் கேட்டார்கள், எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நல்ல சட்டம். நான் உருட்டிய வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும். என்னைப் போன்ற ஆட்களைத் தடுக்க வந்த சட்டத்தை வைத்து, சொன்னதும் பூட்ஸைக் கழற்றிய பையனைப் பொய்யனாக்கப் பார்க்கிறோம்.

இருபத்தாறாம் தேதி விசாரணை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் கூண்டில் ஏறி இறங்கியிருப்பேன். உண்மையைச் சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் நேற்று வெண்பா என் மடியில் தூங்கிவிட்டாள். அப்போதிருந்து எனக்கு என் மேலேயே சந்தேகமாக இருக்கிறது.

அதனால் அடுப்பில் போடாதே. பீரோவில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திரு. கோர்ட்டில் நான் வேறு மாதிரி சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டால், என்னை நம்பாதே, இதை நம்பு. யாரிடம் காட்டவேண்டும் என்பதை நீயே முடிவு செய். பெற்றவள் நீ. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

முட்டி வலி குறைந்ததும் கொடுமுடிக்குப் போய் நம் பையன் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய். அப்படியே டேனியல் என்றும் ஒரு பெயரைச் சொல். நட்சத்திரம் கேட்பார்கள். தெரியாது, அவர் யார் என்று கேட்கக்கூட எங்கள் வீட்டில் யாரும் வண்டியை நிறுத்தவில்லை என்று சொல்.

உன்
பசுபதி