துடுப்பு வெட்டின மீன்

ஸ்ட்ருகாவில் சுகமா இருக்கிறவருக்கு,

கடிதம் கிடைச்சது. மூணு பக்கம். ஏரிக்கு அந்தக் கரையில ரெண்டு நாட்டுக்காரங்களும் சேர்ந்து மீன்குஞ்சு வளர்க்கிற கதை பாதி, உங்ககூட வேலை செய்யிற மெங்கா கதை பாதி. பிள்ளைகளுக்கு ஒரு வரி.

அவ மீன் வயித்தைத் தடவி முட்டை எடுக்கிற அழகை எழுதியிருக்கீங்க. அவ்வளவு மெதுவான கையாமே! பதினேழு வருஷமா உங்க வலையைத் தைக்கிற கையைப் பத்தி என்னைக்காவது எழுதினீங்களா?

பக்கத்து வீட்டு புகுரியே வேற, "உன் புருஷன் மீனைக் காப்பாத்தப் போனானா, வலையில மாட்டப் போனானா?"ன்னு சிரிக்கிறா.

நேத்து காலையில என் தம்பி நம்ம ஏரியில மட்டும் கிடைக்கிற கோரான் மீன் ஒண்ணோட வந்தான். ரெண்டு நாடும் சேர்ந்து போட்ட தடைக்காலம்னு தெரிஞ்சேதான் பிடிச்சிருக்கான். "யாருக்குக்கா தெரியப்போகுது? வால்நட் போட்டுச் சமை"ன்னான். வாளியில உயிரோட இருந்துச்சு. துடுப்பு நுனியில வெட்டு. "அவ பிடிச்சுக்குவா, நான் அடையாளத்துக்குத் துடுப்பை வெட்டி ஏரியில விடுவேன்"னு எழுதினீங்களே, அதுல ஒண்ணு.

கத்தியை எடுத்தேன். அவ கை பட்ட மீனாச்சே. ஆனா உங்க கையும் பட்டிருக்கே.

வாளியோட கொண்டுபோய் ஏரியில விட்டுட்டேன். தம்பி இன்னும் என்னோட பேசல. எனக்கு ஏரி மேல பாசம்னு யாருகிட்டயும் பெருமையடிச்சுக்காதீங்க.

மீன் கொஞ்ச நேரம் என் காலடியில நின்னுச்சு. அப்புறம் நேரா அந்தக் கரையைப் பார்த்துப் போயிடுச்சு, அதுவும்.

இப்படிக்கு,
இந்தக் கரையில இருக்கிறவ