ராணி என்ற பெயரில் பதினொரு செடிகள்

பொன்மலை,
12-5-1988

அன்பு மகள் லூர்துராணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீங்களும் அங்கே சுகமாயிருக்க வேண்டுகிறேன். நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து ஒன்பது வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்று கிழித்துப் போட்டுவிடாதே, முழுவதும் படி.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. உனக்குத் தந்தி கொடுக்க வேண்டாமென்று தடுத்தவன் நான்தான். அடுத்த மாதம் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பார்த்திருக்கிற வாடகை வீட்டில் அம்மாவின் நூற்று எண்பது தொட்டிகளுக்கு இடமில்லை. அதனால் செடியை யார் கொடுத்தார்களோ அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு செடிக்கும் நம்பர் போட்டு, பெயர், வந்த தேதி, கொடுத்தவர் எல்லாம் அம்மா ஆறு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. உன் சித்தப்பா மகன் தைரியராஜ் கண்டோன்மெண்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறான். கொடுங்க பெரியப்பா, கம்ப்யூட்டர்ல டிபேஸ்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதுல ஏத்திட்டா கேட்ட மாதிரி பிரிச்சுக் கொடுக்கும் என்று வாங்கிப் போனவன், பத்து நாள் உட்கார்ந்து அடித்து, கொடுத்தவர் பெயர் வாரியாகப் பிரிண்ட் எடுத்து வந்தான். அதில் ராணி என்ற பெயரின் கீழ் பதினொரு செடி. வெள்ளை அடுக்குச் சங்குப்பூ, மஞ்சள் அந்திமந்தாரை, காசித்தும்பையிலேயே மூன்று நிறம். முதல் தேதி நீ ஜாம்ஷெட்பூர் போன ஆறாம் மாதம், கடைசித் தேதி இந்த ஜனவரி. எந்த ராணிடா என்றேன். நம்ம ராணிதான் பெரியப்பா, பெரியம்மா எழுதினதைத்தான் அடிச்சேன் என்று தலைகுனிந்து சொன்னான். பக்கத்து வீட்டு ரோசம்மாளைக் கேட்டேன், அழுதுவிட்டாள். உன் கடிதங்கள் அவள் விலாசத்துக்குத்தான் வருமாம், உள்ளே விதை மடித்திருக்குமாம். அம்மா போன செய்தியையும் அவள்தான் உனக்கு எழுதினாளாம். உங்களுக்குத் தெரிஞ்சா பிடுங்கிப் போட்டுடுவீங்கன்னு அக்கா பயந்தாங்கண்ணே என்றாள்.

பிடுங்கித்தான் போட்டிருப்பேன், ராணி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து அந்தச் செடிகளுக்கும் சேர்த்து நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளை இப்படிப் பயந்து வாழ வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அவள் இல்லை, உன்னிடம் கேட்கிறேன்.

மற்றவர்கள் அவரவர் தொட்டிகளை வாங்கிப் போய்விட்டார்கள், உன்னுடையவை மட்டும் இருக்கின்றன. ஜூன் முடிவதற்குள் வா, கல்லறைக்குச் சேர்ந்து போவோம். இங்கே வெயில் கடுமை, வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே. ஆண்டவர் உங்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாராக. ஒன்று மறக்காதே, தனியாக வரக் கூடாது. மாப்பிள்ளை நஜிமுதீனையும் அழைத்து வா, நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன்.

உன் அப்பா,
அ. அற்புதசாமி