தடுமாறியது திரைதான், அம்மா இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இந்த வார்த்தையை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக நீ போனில் கேட்டதற்கெல்லாம் "புது ஸ்கிரீன் நல்லா இருக்கும்மா" என்று மழுப்பிக்கொண்டிருந்தேன், அம்மா பக்கத்திலேயே இருந்ததால் வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன், பயப்படாமல் படி, முடிவு நல்லதுதான்.

பக்கவாதத்தில் இடது கை மரத்துப்போய், இருபத்தாறு வருஷம் ஓட்டிய பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததே நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங்கை மாட்டி பஸ் கேம் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான். கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண்ணும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பழைய ஸ்கிரீன் கண்ணை மூடிவிட்டது. நீ "இருக்கிறதுலயே நல்லதா, ஃபோர் கே வாங்குங்கப்பா, அம்மாவுக்கு போர்டு எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியும்" என்றாய், நானும் முப்பத்திரண்டு இஞ்சில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, நிறுத்தத்தில் நிற்பவன் சட்டைப் பொத்தானை எண்ணலாம், தையல்காரன் எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் மூன்றாம் நாள் வளைவில் அம்மாவின் பஸ் நடைபாதை மேல் ஏறியது. வேலையில் இருந்தவரை ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள் அவள். மறுநாள் மறுபடி. ஐந்தாம் நாள் வேர்த்துக் கொட்டி, தலை சுற்றி, வாந்தியே எடுத்துவிட்டாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் திருப்புறேங்க, கை லேட்டாத்தான் கேக்குது. மறுபடி வந்துடுச்சு" என்றாள். பாதி வெட்டிய துணியை மேஜையிலேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், மூக்கைத் தொடு விரலைத் தொடு என்றார்கள், டாக்டர் "புதுசா ஒண்ணும் இல்லம்மா, கை முன்னைவிட நல்லா இருக்கு" என்றார். அவள் நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து ஸ்டீயரிங்கைத் தலையணை உறையில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிட்டு, அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஒரு வாரம் வீட்டில் தட்டு கழுவுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

டாக்டர் பொய் சொல்லவில்லை என்றால் லேட்டாக வருவது யார் என்று எனக்கு ஒரே குடைச்சல். அவள் காய்கறி வாங்கப் போன நேரம் ஸ்டீயரிங்கை இறக்கி நானே ஓட்டிப் பார்த்தேன். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிற கை என்னுடையது, அப்படியும் நான் திருப்பிய பிறகுதான் பஸ் யோசித்து யோசித்துத் திரும்பியது. கம்ப்யூட்டரையும் ஸ்கிரீனையும் ஆட்டோவில் ஏற்றி வாங்கின கடைக்கே கொண்டுபோனேன். அங்கே ரிப்பேர் பார்க்கிற பெண்ணைக் கடையில் எல்லாரும் திருகாணி அக்கா என்கிறார்கள், கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பாள். அவள் திரை மூலையில் ஒரு நம்பரை ஓடவிட்டாள், நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்காம். காலி ரோட்டில் முப்பத்துநாலு, கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் பதினேழு, பதினைந்து. "உங்க கம்ப்யூட்டருக்குள்ள படம் வரையுற கார்டு நடுத்தரம்ங்க. பழைய ஸ்கிரீனைவிட இதுல நாலு மடங்கு புள்ளி, அத்தனையும் அதுதான் வரையணும். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டா எப்படி? படம் திக்குச்சுன்னா யாருக்கும் தலை சுத்தும்" என்றாள். இதே ஸ்கிரீனில் புள்ளியைக் கொஞ்சம் குறைத்து வைக்கக்கூடாதா என்றேன், வைத்துக் காட்டினாள், எழுத்தெல்லாம் ஈரத்தில் கசிந்த மை மாதிரி இருந்தது. பிறகு இருபத்தேழு இஞ்சில் டூ கே என்று நடுவாக ஒன்றை மாட்டினாள். பழையதைவிடத் தெளிவு, புள்ளிகளோ பெரியதில் பாதிகூட இல்லை. அதே கடைத்தெருவில் நம்பர் ஐம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. கார்டு எப்போது படம் கொடுக்கிறதோ அதுவரை காத்திருந்து காட்டுகிற வசதியும் அதில் உண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான் போலிருக்கிறது. கடைக்காரர் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டிவிட்டு அவளை நான் கூப்பிடவில்லை. நானே உட்கார்ந்து ஓட்டினேன், என் ஓட்டு உனக்குத் தெரியுமே. கொஞ்ச நேரத்தில் கதவருகிலிருந்து "கண்ணாடியப் பாக்காம யாராவது ஓரம் கட்டுவாங்களா? எந்திரிங்க" என்று குரல் வந்தது. உட்கார்ந்தாள். அதே வளைவு. திருப்பினாள், திரும்பியது. கடைத்தெருவைத் தாண்டி நிறுத்தத்தில் அலுங்காமல் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே "அப்போ என் கை இல்லையா?" என்றாள். உன் கை இல்லை என்றேன். வண்டியை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அழுதாள் பாப்பா. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

நான்தானே பெரியதாக வாங்கச் சொன்னேன் என்று நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. நீ பாசத்தில் சொன்னாய், நான் அளவெடுக்காமல் வாங்கினேன், தையல்காரனுக்கு அது கூடுதல் வெட்கம். அதற்காகப் பெரிய கார்டு அனுப்புகிறேன் என்றும் கிளம்பிவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை மட்டும் போன் செய்யாதே, அது அம்மா டியூட்டி நேரம். நீ எடுத்ததெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் நீடு வாழ எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

இன்னொன்று. இடதுகைக்காரியான அம்மா நோய் வந்ததிலிருந்து பேனாவைத் தொடவில்லை. இன்று கடிதத்தின் அடியில் தானே எழுதுவேன் என்று பிடுங்கிக்கொண்டாள். கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே.

உன் நலமே நினைக்கும்
அப்பா

அம்மா. நானே எழுதினேன்.