வந்துகினே இருக்கேன்

அடியே,

இன்று காலை பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போன இடத்தில் சோகை, அதுதான் இங்கே தோகை என்கிறார்களே, அது கையைக் கிழித்துவிட்டது. திருப்பூரில், எங்கள் தெரு முனையில், மினி லாரியில் கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நல்ல கழியாகப் பார்த்து ஒன்றை உருவினேன். மணிக்கட்டுக்கு உள்பக்கம் மெல்லிசாக ஒரு கோடு. ரத்தம்கூட வரவில்லை, எரிச்சல் மட்டும் சுரீரென்று ஏறியது. "பாத்து எடுங்கக்கா, அறுத்துரும்" என்றார் கடைக்காரத் தம்பி. கரும்புக் கொல்லையில் வளர்ந்தவளுக்கு இவர் சொல்லித் தருகிறார்! ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் உன் நினைப்பு வந்து, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். சோகை கிழித்ததற்கா இந்தப் பொம்பளை இப்படி அழுகிறாள் என்று அவர் பயந்துபோய், ஒரு கழியைச் சும்மாவே கொடுத்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "இன்னும் கொஞ்சம் அழுவுடி, கட்டோட குடுத்துடுவாரு" என்று காதில் சொல்லியிருப்பாய்.

பொங்கல் கரும்பு கறுப்பு, நம் ஊரில் ஆலைக்குப் போவது வெள்ளை. கிழிப்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுதான்.

நம் இருவரின் அம்மாவும் ஒரே கொல்லைக்குத்தான் சோகை உரிக்கக் கூலிக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து இருவரும் கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். நாமோ பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் என்ற பெருமையில் திரிந்தோம். அதுவும் உன்னோடு பள்ளிக்கூடம் போவதென்றால் லேசுப்பட்ட காரியமா? வடக்கனந்தல் சாலையில் நம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போய்விடுவார்கள். நான் மட்டும் உன் வீட்டு வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு கத்துவேன்.

"கெளம்பிட்டியாடி?"

உள்ளேயிருந்து உடனே பதில் வரும், "வந்துகினே இருக்கேன்!"

கொல்லைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைக்குத் துணி கட்டியபடி உன் அம்மா வெளியே வந்து சொல்வார், "இன்னும் பல்லே வெளக்கல, வந்துகினே இருக்காளாம்!"

ஒரு நாளா, இரண்டு நாளா? வருஷக்கணக்கில் இதே கூத்து. கடைசியில் அதற்கு நாமே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டோம். "வந்துகினே இருக்கேன்" என்றால் இன்னும் இடத்தைவிட்டு அசையவில்லை என்று அர்த்தம். ஊரில் எல்லாரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னால் வருகிறார்கள். நம் இருவரில் ஒருத்தி சொன்னால் வூட்டிலேயே குந்திக்கொண்டிருக்கிறாள்.

ஒரு லீவு நாளில் கல்வராயன் மலையைத் தொட்டுவிட்டு வரலாம் என்று என்னைக் கிளப்பினாயே, அந்த அழகை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "கிட்டதான்டி இருக்கு. சோத்துக்கு வந்துடலாம்" என்றாய். நான் தயங்கினேன். "வாடின்னா, கரும்பு தின்னக் கூலியா கேக்குற?" என்று கையில் ஒரு துண்டுக் கரும்பைத் திணித்தாய். மேடேறும் ஆலை டிராக்டரிலிருந்து நீ இழுத்த கரும்பு அது. டிரைவர் உன் தலைமுறையையே திட்டிக்கொண்டு போனார். கடித்துக்கொண்டே நடந்தோம், நடந்தோம், வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலை மட்டும் கிளம்பும்போது எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. நீ இடுப்பில் கை வைத்து நின்று மலையைப் பார்த்தாய்.

"இதுவும் நம்மள மாதிரிதான்டி. வந்துகினே இருக்கேன்னு சொல்லிட்டு அங்கயே குந்திகினு இருக்குது பாரு!"

நான் சிரித்த சிரிப்பில் கரும்புச் சாறு மூக்கில் ஏறிவிட்டது. புளிக்கூடையோடு இறங்கி வந்த மலைக்கார அம்மா ஒருவர் நம்மைத் திட்டி, ஊர் எல்லை வரை ஆடு ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். அன்று நம் இருவருக்கும் விழுந்த அடி ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிறகு உன்னைப் பக்கத்து ஊரிலேயே கொடுத்தார்கள். நீயும் சோகை உரிக்கப் போனாய். நான் கல்யாணமாகித் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில், சூப்பர்வைசரைத் தேடி வந்த பக்கத்து மெஷின் அக்காவிடம், "குந்துங்கக்கா, வந்துகினு இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். வரிசையே சிரித்தது. அதற்குப் பிறகு "உக்காருங்க" கற்றுக்கொண்டேன், "வந்துட்டு இருக்காருங்க" கற்றுக்கொண்டேன். போனில் பேசும்போது நீ விடுவாயா? "இன்னாடி, வந்துட்டு இருக்கேனுங்கோன்னு பேசற? நம்ம பேச்ச எந்தக் கெணத்துல போட்ட?" என்பாய். நான் வெட்கப்பட்டேனே தவிர, திரும்ப நம் பேச்சுக்கு வரவில்லை. நாக்கு பழகிவிட்டது.

போன ஆடியில் உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து ஓடி வந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தாய். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"நா சொல்லி வுட்டா வரணும்டி. நம்ம 'வந்துகினே இருக்கேன்' இல்ல, நெஜமா வரணும். நீ வந்து என் மூஞ்சப் பாக்கணும், நா உன் மூஞ்சப் பாக்கணும். அவ்ளோதான்."

"வருவேன்" என்றேன். சாமி சத்தியமாக வருவேன் என்றேன்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை உன் மகள் செல்வி போன் பண்ணினாள். "சித்தி, அம்மா உங்களையே கேட்டுகினு இருக்காங்க. வந்துடுங்க." அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், வீட்டுக்காரரைத்தான் அடுப்பை அணைக்கச் சொன்னேன். முகம்கூடக் கழுவவில்லை. ஈரோடு, சேலம் என்று பஸ் மாறி வந்தேன். டிரைவர் ஒவ்வொரு முறை பிரேக் போட்டபோதும் என் உயிர் போய்ப்போய் வந்தது. ஆத்தூர் தாண்டியதும் செல்வி திரும்பக் கூப்பிட்டு, போனை உன் காதில் வைத்தாள்.

"எங்கடி... இருக்க?"

அது உன் குரலா? ஊரையே கூட்டுகிற தொண்டை அது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நீ பயந்துவிடுவாய், உன்னை ஒரு தடவை சிரிக்க வைக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. வாயில் சனி உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் வராத நம் பேச்சு அப்போதுதானா வர வேண்டும்?

"வந்துகினே இருக்கேன்டி!" என்றேன், படலைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே குரலில்.

நீ சிரித்தாய். நன்றாகக் கேட்டது. சிரிப்பு இருமலாக மாறி, போன் நின்றுவிட்டது. சிரிக்க வைத்துவிட்டேன் என்று நான் ஜன்னலோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

கள்ளக்குறிச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்து உன் தெருவில் திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. செல்வி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"உங்ககிட்ட பேசினதும் அம்மா சிரிச்சாங்க சித்தி. 'பாருடி, உங்க சித்தி இன்னும் பல்லே வெளக்கல'ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

"வாசல வாசலப் பாத்தாளாடி?"

"இல்ல சித்தி. அதுவரைக்கும் பாத்துகினே இருந்தாங்க. அப்புறம் கண்ண மூடிகினாங்க."

அம்மா சிரிச்சிகினே போனாங்க என்று ஆறுதலாகத்தான் செல்வி சொன்னாள். பாவம், அவளுக்கு நம் அர்த்தம் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ போய்விட்டாய். விளையாட்டாகச் சொன்னாயா, நிஜமாகவே நான் கிளம்பவில்லை என்று நினைத்துக் கண்ணை மூடினாயா? யாரிடம் போய்க் கேட்பேன்? ஆத்தூர் என்று ஊர்ப்பெயரைச் சொல்லியிருந்தால் போதுமே. இன்னும் ஒரு மணி நேரம் வாசலைப் பார்த்திருப்பாயே. உன் பிடிவாதத்துக்கு எமனையே படலுக்கு வெளியே நிற்க வைத்து, வந்துகினே இருக்கேன் என்று சொல்லியிருப்பாயே, பாவி.

அன்றையிலிருந்து நம் பேச்சு என் வாய்க்குத் திரும்பிவிட்டது. கம்பெனியில் குந்துங்க என்கிறேன், வூடு என்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த ஒரு சொல் மட்டும் யாரிடமும் வருவதில்லை. யாராவது போனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் நின்ற இடத்தில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்து ஊர்ப்பெயரைச் சொல்கிறேன். பஸ் தாமதமானால் அடுத்த ஊர்ப்பெயரையும் சொல்கிறேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள்.

கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் கோடு இன்னும் எரிகிறது. நம் அம்மாக்களைப் போலத் தேங்காய் எண்ணெய் தடவலாம், தடவ மனம் வரவில்லை.

நம்புடி. நான் வூட்டுல குந்திகினு இல்ல. பல்லு வெளக்கலதான், அது மட்டும் நெஜம். ஆனா ஆத்தூர் தாண்டிட்டேன்டி.